தனித்த எலக்ட்ரானும் பிணைந்த எலக்ட்ரானும்



பட்டினப்பாக்கத்தில் வசிக்கும் நான் மாலைதோறும் கடலோரமாக வடக்கே நடப்பதுண்டு. சாந்தோமையும் வானொலி நிலையத்தையும் கடந்தால் மாநிலக் கல்லூரியின் செந்நிறக் கட்டடம் தோன்றும். அதைக் காணும்போதெல்லாம் 1928ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று என் நினைவுக்கு வரும்.

அவ்வாண்டு ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தார். அக்கல்லூரி மாணவரும் மயிலாப்பூர்வாசியுமான சந்திரசேகர் அவரைத் தனியே சென்று கண்டார். வயது பதினெட்டை ஒட்டியிருந்தது. சோமர்பெல்டின் நூலைக் கரைத்துக் குடித்திருந்த அவருக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. அந்நூலிலுள்ள குவாண்டம் கொள்கை பழமையாகிவிட்டது என்று ஆசிரியரே கூறிவிட்டார்! ஆயினும் உலோகங்களிலுள்ள எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியை இளைஞரிடம் கொடுத்தார். சந்திரசேகர் சோர்ந்துவிடவில்லை. புதிய புள்ளியியலைத் தாமே கற்று, 1929இல் இலண்டன் ராயல் சங்கத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார்.

சோமர்பெல்டின் கணக்கில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை; ஒவ்வொன்றும் தன் வழியே செல்லும். மின்னேற்றம் ஒத்தவை ஒன்றையொன்று விலக்கும் என்பதை நாம் பள்ளியிலேயே படிக்கிறோம். அவ்விலக்கத்தை ஒதுக்கிவிட்டும், பல உலோகங்களுக்கு அக்கணக்கு வியக்கத்தக்கவாறு பொருந்திற்று.

பொருந்தாத இடமும் உண்டு. லாந்தனம் தாமிர ஆக்ஸைடை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கணக்கின்படி அது மின்சாரத்தைக் கடத்தவேண்டும், உண்மையிலோ கடத்துவதில்லை. ஒவ்வொரு தாமிர அணுவிலும் ஓர் எலக்ட்ரான் குடியிருக்கிறது. விலக்கத்தின் கடுமையால் அடுத்த வீட்டுக்குள் நுழைய முடிவதில்லை. இவ்வினத்தைச் சேர்ந்ததொரு பொருள் ஏறக்குறைய 30 கெல்வினில் மின்தடையை இழக்கத் தொடங்குவதை 1986இல் பெட்நார்சும் முல்லரும் கண்டபோது உலகமே திகைத்தது.

1987இல் பெங்களூர் மாநாடொன்றில் ஆண்டர்சன் ஒரு விளக்கம் தந்தார். அண்டை எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகப் பிணைந்துள்ளன. எது எதனுடன் இணை என்பது நிலையாக இராமல், எல்லா அமைப்புகளும் ஒருங்கே கலந்துள்ளன என்றார். சில எலக்ட்ரான்களை நீக்கினால் இணைகள் தடையின்றி ஓடும். இக்கருத்தை அவருடன் சேர்ந்து கணித வடிவில் வளர்த்தவர்களுள் ஒருவர் சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த ஜி. பாஸ்கரன். அல்லாடி இராமகிருஷ்ணன் தம் மயிலாப்பூர் இல்லத்தில் நடத்திய கருத்தரங்கிலிருந்து 1962இல் பிறந்த நிலையம் அது. நீல்ஸ் போர் 1960இல் அவ்வில்லத்துக்கு வந்திருக்கிறார்.

பிணைப்பு என்றால் என்ன? எங்கள் கரையில் மீனவர் பின்னும் வலையை உவமையாகச் சொல்ல எண்ணினேன், சரிப்படவில்லை. முடிச்சிட்ட பின்னும் வலையின் நூல் தனி நூலே. பிணைந்த எலக்ட்ரானுக்கோ தனக்கென ஒரு தற்சுழற்சித் திசை இல்லை. இரண்டும் எதிரெதிர் என்பது மட்டுமே உறுதி. 1935இல் இத்தன்மைக்குப் பெயரிட்டவர் ஷ்ரோடிங்கர்.

ஆண்டர்சனின் விளக்கம் முடிந்த முடிபன்று. எலக்ட்ரான்களை நீக்காத லாந்தனம் தாமிர ஆக்ஸைடில் தற்சுழற்சிகள் குளிர்ந்த நிலையில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசையில் ஒழுங்காக நிற்பது சோதனையில் தெரிந்தது. கலந்தோடும் இணைகளை எதிர்பார்த்தவர்களுக்கு அது இடறலாயிற்று. மின்தடை மறைவதன் காரணம் பற்றி அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.