கல்லூரிக் கூடைப்பந்தாட்டக்காரர்களின் முன்கூட்டிய தொழில்முறை நுழைவு

கல்லூரிக் கூடைப்பந்தாட்டக்காரர்களின் முன்கூட்டிய தொழில்முறை நுழைவு என்பது ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரி அணிகளில் ஆடும் மாணவர்கள், நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பை முடிக்கும் முன்னரே என்.பி.ஏ. எனப்படும் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தின் அணிகளில் சேர்வதைக் குறிக்கும். இவ்வணிகள் ஆண்டுதோறும் டிராஃப்ட் எனப்படும் தேர்வின் மூலம் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்கின்றன. இரண்டு சுற்றுகளில் ஏறத்தாழ 60 பேர் மட்டுமே தெரிவு செய்யப்படுகின்றனர். மாணவர்கள் பட்டம் பெறும் வரை காத்திருக்க வேண்டுமா என்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இதற்கான விதிகள் பலமுறை மாறியுள்ளன. எனினும் அவை வயதையும் பள்ளிப் படிப்புக்குப் பிந்தைய காலத்தையுமே அளவாகக் கொண்டன, பட்டத்தைக் கட்டாயமாக்கவில்லை.

வரலாறு

தொடக்கத்தில், உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒருவர் என்.பி.ஏ.வில் ஆட முடியும் என்ற விதி இருந்தது. இவ்விதியை எதிர்த்தவர் இசுபென்சர் ஹேவுட். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி பறித்து வாழ்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்த இவர், 1968 ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். நான்கு ஆண்டுகள் முடியும் முன்னரே 1970 இல் சியாட்டில் அணியில் சேர்ந்தார். சங்கம் இதை ஏற்காததால் வழக்கு எழுந்தது. ஹேவுட் ஆடுவதைத் தடுக்கக் கூடாது என்ற கீழமை நீதிமன்ற ஆணையை 1971 இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது.

இதன் பின் பொருளாதார நெருக்கடியைக் காட்டுவோர் முன்கூட்டியே தேர்வில் கலந்துகொள்ள இசைவு அளிக்கப்பட்டது. 1976 இல் அந்த நிபந்தனையும் நீக்கப்பட்டது. 1995 இல் கெவின் கார்னெட், 1996 இல் கோபி பிரயன்ட் ஆகியோர் கல்லூரிக்கே செல்லாமல் பள்ளியிலிருந்து நேரடியாக நுழைந்தனர். 2001, 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டவர்கள் பள்ளி மாணவர்களே. 2003 இல் அவ்விடத்தைப் பெற்றவர் லெப்ரான் ஜேம்ஸ்.

ஓராண்டு விதி

2005 இல் சங்கத்துக்கும் ஆட்டக்காரர் தொழிற்சங்கத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தேர்வு நடைபெறும் ஆண்டில் 19 வயது நிறைவடைய வேண்டும். அமெரிக்க மாணவராயின் பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். இது 2006 தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்தது. அப்போதைய ஆணையர் டேவிட் ஸ்டேர்ன் இதனை வணிக நோக்கிலான முடிவு என்றே விளக்கினார். பள்ளி மாணவர்களை விட, கல்லூரிப் போட்டிகளில் ஓராண்டு ஆடியவர்களின் திறனை மதிப்பிடுவது அணிகளுக்கு எளிது.

இதன் விளைவாகத் திறன் மிக்க பலர் ஓராண்டு மட்டும் கல்லூரியில் இருந்தனர். கெவின் டுரான்ட் (2007), டெரிக் ரோஸ் (2008), ஆன்டனி டேவிஸ் (2012) ஆகியோர் அவ்வாறு நுழைந்தவர்கள். முதற் பருவத்தில் குறைந்தபட்சப் பாட அலகுகளில் தேறிய மாணவர் அடுத்த பருவத்தில் தொடர்ந்து ஆடலாம். கல்லூரிப் போட்டிகள் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடுகின்றன. எனவே இரண்டாம் பருவப் படிப்பை முடிக்க இவர்களுக்குப் பெரிய தூண்டுதல் இருப்பதில்லை. 2018 இல் காண்டலீசா ரைஸ் தலைமையிலான ஆணையம் ஓராண்டு விதியை நீக்கப் பரிந்துரைத்தது. எனினும் 2023 உடன்பாட்டிலும் வயது வரம்பு தொடர்ந்தது.

பட்டம் பெறுவதற்கு ஆதரவான கருத்துகள்

தொழில்முறை ஆட்ட வாழ்வு குறுகியது. காயம் அதனை எந்நேரமும் முடிக்கலாம். முதற் சுற்றில் தெரிவானவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு ஊதியம் உறுதி செய்யப்படுகிறது. இரண்டாம் சுற்றில் தெரிவானவர்களுக்கு அத்தகைய உறுதி இல்லை. பள்ளிக் காலத்தில் நாட்டின் முன்னணி ஆட்டக்காரராகக் கருதப்பட்ட லெனி குக் 2002 தேர்வில் கலந்துகொண்டும் எந்த அணியாலும் தெரிவு செய்யப்படவில்லை, அவர் என்.பி.ஏ.வில் ஆடியதே இல்லை. தேர்வில் பெயர் கொடுத்துவிட்டு உரிய நாளுக்குள் விலகாத மாணவர் கல்லூரி அணிக்குத் திரும்புவதும் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது.

டிம் டங்கன் இத்தரப்பினர் பெரிதும் சுட்டும் எடுத்துக்காட்டு. மறைந்த தன் தாய்க்கு அளித்த வாக்கின்படி வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளும் பயின்று, உளவியலில் பட்டம் பெற்ற பின்னரே 1997 தேர்வில் முதலாவதாகத் தெரிவானார்.

எதிரான கருத்துகள்

ஆட்டத்திறன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் மீண்டும் வாரா. பல்கலைக்கழகம் பின்னரும் இருக்கும் என்பது மறுதரப்பின் வாதம். 2021 வரை கல்லூரி ஆட்டக்காரர்கள் கல்வி உதவித்தொகையும் அதனைச் சார்ந்த சில சலுகைகளும் மட்டுமே பெற முடிந்தது. கல்லூரிகளோ தொலைக்காட்சி உரிமங்களால் பெரும் வருவாய் ஈட்டின. வறிய குடும்பத்து மாணவர் கல்லூரியில் ஆடும்போது காயமுற்றால், இழப்பு முழுவதும் அவரையே சாரும்.

பின்னாளில் பட்டம் பெற்றவர்கள்

1984 இல் வட கரோலைனா பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கிய மைக்கல் ஜார்டன் 1986 இல் புவியியலில் பட்டம் பெற்றார். 1992 இல் நீங்கிய ஷகீல் ஓனீல் 2000 இல் இளங்கலைப் பட்டமும், 2012 இல் கல்வியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். 2009 இல் நீங்கிய ஸ்டெஃபன் கறி 2022 இல் பட்டம் பெற்றார்.

இவர்களுள் வின்ஸ் கார்ட்டர் கடும் விமர்சனத்துக்கு உள்ளானார். 2001 மே 20 காலை வட கரோலைனாவில் பட்டமளிப்பு விழாவில் பங்கேற்று, அன்றே ஃபிலடெல்ஃபியா சென்று தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில் ஆடினார். இறுதி நொடியில் அவர் எறிந்த பந்து கூடையில் விழவில்லை. டொராண்டோ அணி 88-87 எனத் தோற்றது. ஆயினும் விழாவிற்குச் சென்றதைத் தவறெனக் கார்ட்டர் கருதவில்லை.

அண்மைய மாற்றங்கள்

2021 சூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெற அனுமதிக்கப்பட்டனர். 2025 சூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேரடியாக ஊதியம் வழங்கலாம். 2025-26 ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கான மொத்த உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர்கள். இதனால் இரண்டாம் சுற்றில் தெரிவாகக்கூடிய பலருக்குக் கல்லூரியில் நீடிப்பதே கூடுதல் வருவாய் தருவதாயிற்று. முன்னர் பணத்துக்காகக் கல்லூரியை விட்டு நீங்கியவர்களைப் போல, இப்போது பணத்துக்காகவே கல்லூரியில் தங்குவோரும் உள்ளனர்.

ஆயினும் இது பட்டத்தை உறுதி செய்வதில்லை. ஆட்டத் தடைக்காலம் இன்றிக் கல்லூரி மாறுவதற்கான விதிகள் 2021 இலும் 2024 இலும் தளர்த்தப்பட்டன. ஒரு கல்லூரியில் பெற்ற பாட அலகுகள் அனைத்தையும் மற்றொரு கல்லூரி ஏற்பதில்லை. அடிக்கடி கல்லூரி மாறும் ஆட்டக்காரர் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்தும் பட்டமின்றி வெளியேற நேரலாம்.