மான்கள் அஞ்சாத முற்றம்

இராஜஸ்தானத்தின் மேற்குப் பகுதியில் குடியேறியுள்ள நம்மவர், ஜோத்பூரைச் சூழ்ந்த சிற்றூர்களுக்குச் சென்றால் ஓர் அரிய காட்சியைக் காணலாம். பிஷ்னோய் மக்களின் வீட்டுக் கொல்லை வரை வெளிமான்களும் சிங்காரா மான்களும் வந்து மேயும். அவற்றை எவரும் கட்டி வளர்ப்பதில்லை. அவை காட்டு விலங்குகளே. ஓட்டம் ஒன்றையே காப்பாக உடைய அப்பிராணிகள் மனிதனை நம்பி வருவது எதனால்? இதற்கு விடை வரலாற்றில் உள்ளது.

நாகௌர் வட்டாரத்துப் பீபாசர் என்னும் ஊரில் 1451-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜாம்போஜி. 1485-இல் அவர் தம் அடியார்களுக்கு 29 நெறிகளை வகுத்தார். இருபது, ஒன்பது என்று பொருள்படும் சொற்கள் இணைந்தே பிஷ்னோய் என்ற பெயர் அமைந்தது என்பர். உயிர்களிடத்து இரக்கம் கொள்ளுதலும், பச்சை மரத்தை வெட்டாதிருத்தலும் அந்நெறிகளுள் அடங்கும். இறந்தோரைப் புதைப்பது இவர்தம் வழக்கமாதலின், சிதைக்கு விறகும் வேண்டுவதில்லை.

இந்நெறிக்குப் பெருஞ்சோதனை 1730-இல் வந்தது. ஜோத்பூர் மன்னர் அபய்சிங்கின் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. ஏவலர் கேஜர்லி என்னும் ஊருக்குக் கோடரியுடன் வந்தனர். அங்கு நின்றவை கேஜ்ரி மரங்கள். நம் திருக்கோயில்கள் சிலவற்றில் தலமரமாக விளங்கும் வன்னியே அது. பாலையில் அதன் தழை கால்நடைக்குத் தீவனம். காய் மக்களுக்கு உணவு. நிழல் மானுக்குப் புகலிடம். அம்ருதா தேவி என்ற பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர் நீத்தார். அவருடைய மூன்று புதல்வியரும் அவ்வாறே மாண்டனர். மொத்தம் 363 பேர் உயிர் துறந்தனர் என்று அச்சமூகம் போற்றி வருகிறது. செய்தியறிந்த மன்னர் வெட்டுவதை நிறுத்தி, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டுதலையும் வேட்டையையும் தடை செய்தார் என்பர்.

இன்றும் மான் பயிரை மேய்ந்தால் அந்த இழப்பை உழவர் பொறுத்துக்கொள்கின்றனர். தாயற்ற குட்டியை இல்லத்துப் பெண்டிர் பாலூட்டிக் காப்பதும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தண்டனை விதிக்கிறது. ஆயினும், தெருநாய்களும் முள்வேலிகளும் இன்று மான்களுக்குப் புதிய பகைகளாகியுள்ளன.

ஆகவே, கொல்லைக்கு வரும் மானைக் கண்டு மகிழ்வதோடு நாம் அமைதல் போதாது. அதன் அச்சமின்மை, ஐந்து நூற்றாண்டுகளாக ஒரு சமூகம் ஈட்டிய நம்பிக்கையாகும். அம்மண்ணில் வாழ வந்த நாமும் அந்நம்பிக்கைக்கு ஊறு நேராமல் நடந்துகொள்வதே முறை.