எலியா, முயலா?

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழருக்குப் பழவங்காடியை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. கிழக்குக் கோட்டைக்கு அருகே, சிதறு தேங்காயின் ஓசை ஓயாத அந்தப் பிள்ளையார் கோயிலை அறியாதார் யார்? இன்று குமரி மாவட்டத்தைச் சேர்ந்த பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் வீரர்கள் வழிபட்ட மூர்த்தி அது என்பர். 1795-ஆம் ஆண்டில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, வீரர்கள் அதனைத் தம்முடன் கொணர்ந்தனராம். இன்றும் அக்கோயிலைப் பேணி வருவது இந்தியப் படையே.

பிள்ளையாரின் ஊர்தியை நாம் மூஞ்சூறு என்கிறோம். எலி என்றும் சொல்கிறோம். ஆனால் மூஞ்சூறு எலியன்று. பூச்சிகளைத் தின்று வாழும் வேறோர் இனம் அது. உருவத்தைக் கண்டு உறவை முடிவு செய்வது எளிது; அம்முடிவு தவறாவதும் எளிது. இதற்கு இன்னும் தெளிவான சான்று ஒன்று இமயமலையில் வாழ்கிறது.

அதன் பெயர் பைக்கா. ஒரு சாண் நீளமும் இல்லாத சிறு விலங்கு. வட்டக் காதும் குறுங்காலும் உடையது. வால் வெளியே தெரிவதில்லை. உடலை நோக்கினால் எலி. முகத்தை நோக்கினால் முயல். சைபீரியாவின் துங்குஸ் மக்கள் வழங்கிய சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. சீனரோ இரு பெயரையும் இணைத்து ‘எலிமுயல்’ என்றே அழைக்கின்றனர்.

1769-இல் பாலாஸ் என்னும் அறிஞர் ஒரு பைக்காவை விவரித்தபோது, அதனை முயலின் பேரினத்திலேயே சேர்த்தார். பழவங்காடிப் பிள்ளையார் இடம் பெயர்ந்த அதே 1795-இல், லிங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதற்கு ‘ஒக்கோட்டோனா’ என்ற தனிப் பேரினத்தை வகுத்தார். இமயத்தில் காணும் ஓர் இனத்துக்கு, சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்தை மேற்பார்த்த ராயிலின் பெயர் 1839-இல் சூட்டப்பட்டது.

ஆயினும் முயலும் பைக்காவும் நெடுங்காலம் எலிகளோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டன. வழக்கைத் தீர்த்தவற்றுள் முதன்மையானது பல். எலிக்கு மேல்தாடையில் ஓரிணை வெட்டுப்பற்களே உண்டு. முயலுக்கும் பைக்காவுக்கும் அவற்றின் பின்னால் மற்றோர் சிறிய இணை மறைந்து நிற்கிறது. 1912-இல் கிட்லி என்னும் ஆய்வாளர் இவ்விரண்டையும் எலிகளினின்று பிரித்துத் தனி வரிசையாக நிறுத்தினார். ஆகவே பைக்கா, எலியின் உருவில் வந்த முயலின் உறவினமே.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். திபெத்திய மேட்டுநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரிய புல்லைத் தின்று நிலத்தைக் கெடுக்கும் எலி என்று கருதி, 1958 முதல் அங்கே பைக்காக்களுக்கு நஞ்சு வைத்தனர். பல இலட்சம் ஏக்கரில் அவை மடிந்தன. பின்னர் வந்த ஆய்வுகள் வேறு உண்மையை உரைத்தன. பைக்காவின் வளைகளின் வழியே மழைநீர் மண்ணுள் இறங்குகிறது. பறவைகள் அவ்வளைகளில் கூடு கட்டுகின்றன. நரியும் கரடியும் பருந்தும் பைக்காவை உண்டே வாழ்கின்றன. புல்வெளியின் பகைவனெனக் கொல்லப்பட்டது, அதன் காவலருள் ஒன்று.

நம் நாட்டிலும் இவ்விலங்கின் கதை முடிந்துவிடவில்லை. சிக்கிமில் வாழும் பைக்கா தனி இனமே என்பதை 2016-இல்தான் நம் நாட்டு ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையால் நிறுவினர். குளிருக்கு அஞ்சாத இவ்விலங்கு, பனிக்காலத்திலும் நெடுந்துயில் கொள்வதில்லை. ஆனால் வெப்பத்தைத் தாங்காது. மலை வெதும்ப வெதும்ப மேலே ஏறவேண்டும். சிகரத்துக்கு மேல் ஏற இடமேது?

வடபுலத்தில் வாழும் நம்மவர் துங்கநாத்துக்குச் செல்லும்போது, பாறை இடுக்குகளைச் சற்றுப் பொறுத்திருந்து நோக்கலாம். ஒரு சிறு முகம் எட்டிப் பார்க்கக்கூடும். அதனை எலியென்று விரட்டாமல் இருப்பதே நாம் அதற்குச் செய்யும் முதல் நன்மை. எளிய உயிரையும் திருவடியருகே இருத்திக்கொண்ட பிள்ளையாரை வணங்குபவருக்கு இது அரிய செயலன்று.