நேயர் விருப்பம்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பாட்டுக் கேட்டோர் வரலாறு

நல்ல பாட்டொன்றைத் தனியே கேட்டு மகிழ்வது ஓர் இன்பம். தாம் கேட்டு மகிழ்ந்த பாட்டைப் பிறருக்கும் கேட்பித்து, அதன் நயத்தை எடுத்துரைத்து, அவர் முகம் மலர்வதைக் காண்பது அதனினும் பெரிய இன்பம். பாணரும் விறலியரும் ஊர்தோறும் சென்று பாடிய காலந்தொட்டுத் தமிழர் இவ்விரண்டாம் இன்பத்தை நாடியே வந்துள்ளனர். எனினும் தமிழிசை வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் பாடியவர் வரலாறும் பண் அமைத்தவர் வரலாறுமே. கேட்டவர் வரலாற்றை எழுதியவர் மிகச் சிலர். புலம்பெயர்ந்து உழைத்து வாழ்ந்த ஒரு சமுதாயத்தை அறிய வேண்டுமாயின் அக்கேட்டவர் வரலாறு இன்றியமையாதது. மலேசிய நாட்டில், சிறப்பாகக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர், பாட்டை எவ்வாறு பகிர்ந்துகொண்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும்

தமிழின் முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பின்னர்த் திரைப்பாடல்கள் இசைத்தட்டுகளில் பதிவாகிக் கடல் கடந்து பரவலாயின. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டையே பதிய முடியும். நீண்ட ஆலாபனைக்கும் நிரவலுக்கும் அங்கு இடமில்லை. ஆகவே பாட்டின் நீளத்தை வரையறுத்ததில் கருவிக்கும் பங்கு உண்டு.

இசைத்தட்டுப் பெட்டி வாங்கும் வசதி பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு இல்லை. ஆயினும் வசதி படைத்த ஒருவர் வீட்டில் தட்டுச் சுழன்றால் அண்டை அயலார் திண்ணையில் கூடிவிடுவர். திருமணத்திலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கி கட்டிப் பாடவிட்டால் அது ஊர் முழுவதற்கும் பொதுவான விருந்தாகும். மறுமுறை கேட்க வாய்ப்பற்றவர்க்குத் திரையரங்க வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகம் துணை செய்தது. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாதவர் கேட்டு மனனம் செய்தனர். இவ்வாறு ஒரு பாட்டு ஒருவர்க்கு உரிய பொருளாக இல்லாமல் பலர்க்கும் உரிய பொருளாகவே இந்நாட்டில் தன் வாழ்வைத் தொடங்கியது.

போர்க்காலம் இத்தொடர்பை அறுத்தது. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவில் நுழைந்த ஜப்பானியர் 1945 வரை ஆண்டனர். அந்நிய நாட்டு வானொலியைக் கேட்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-இல் சென்னையில் வெளிவந்து மக்களை ஈர்த்தபோது, மலாயாத் தமிழர் அதன் பாடல்களைக் கேட்க இயலாதவராய் இருந்தனர். போர் முடிந்து கப்பல் போக்குவரத்துச் சீரான பின்னரே அவ்விசை இங்கு வந்து சேர்ந்தது.

பொது வானொலிப் பெட்டி

1946-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றில் அது ஒலிபரப்பியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், மக்களைத் தன்பால் ஈர்க்கக் கருதிய ஆங்கில அரசு சிற்றூர்களிலும் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை நிறுவியது. அரசின் நோக்கம் செய்திப் பரப்புரை. மக்கள் அப்பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்ததோ பாட்டுக்காகவும் நாடகத்திற்காகவும். ஆள்வோர் ஒன்று கருதி அளித்த கருவியை மக்கள் வேறொன்றிற்குப் பயன்படுத்திக்கொள்வது வரலாற்றில் புதிதன்று.

நாடு விடுதலை பெற்றபின் 1959-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் வானொலியின் தலைமையிடம் கோலாலம்பூரில் அமைந்தது. 1963-இல் மலேசியா உருவானபோது அது மலேசிய வானொலி எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 28-இல் தொலைக்காட்சியும் வந்தது. மின்கம்பி வேண்டாத டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிவானதும், பொது இடத்தில் இருந்த வானொலி லயன் வீடுகளுக்குள் குடிபுகுந்தது. ஒரு வீட்டில் பாடும் பாட்டு வரிசை முழுவதும் கேட்கும்; ஆதலால் அது வீட்டுக்குள் சென்றும் பொதுவுடைமையாகவே நின்றது.

இந்தியாவில் அக்காலத்தில் நிகழ்ந்ததையும் இங்கு ஒப்புநோக்கலாம். 1952-இல் ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பேற்ற அமைச்சர் பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுப்பதாகக் கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாமற் செய்தார். நேயர்கள் திருந்தவில்லை, திசையைத் திருப்பினர்! இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு தமிழகமெங்கும் ஒலித்தது. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர் பெயர்கள் வீட்டுப் பெயர்களாயின. 1957 அக்டோபரில் 'விவித பாரதி' தொடங்கப்பட்டபோது திரைப்பாடல் மீண்டும் அரியணை ஏறியது. மக்கள் சுவையை ஆணையால் மாற்ற இயலாது என்பதற்கு இது தக்க சான்று.

அஞ்சலட்டையில் வந்த விருப்பம்

நேயர் விருப்ப நிகழ்ச்சியே இவ்வரலாற்றின் நடுநாயகம். ஒருவர் தாம் விரும்பும் பாட்டையும், அதை யார் யார்க்கு அளிக்க விரும்புகிறார் என்பதையும் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார். அறிவிப்பாளர் அப்பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பாட்டை ஒலிபரப்புவார். பார்வைக்கு எளிய செயல். ஆயின் அதனால் விளைந்தவை மூன்று.

முதலாவது, பெயரின் பெருமை. தோட்டத் தொழிலாளி ஒருவரின் பெயர் நிருவாகத்தின் ஏட்டில் வருகைக்கும் கூலிக்குமாக எழுதப்பட்டது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கூப்பிடப்பட்டது. அதே பெயர் தலைநகரிலிருந்து, மதிப்புமிக்க தமிழில், நாடு முழுவதும் கேட்க ஒலித்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சியைச் சிறியதென எண்ணலாகாது. வேலைக்காக அன்றி விருப்பத்திற்காகத் தம் பெயர் அழைக்கப்படுவதை அவர் அங்கேதான் கேட்டார்.

இரண்டாவது, செவிவழிக் கல்வி. பாட்டுக்கு முன்னர்ப் படத்தின் பெயரும், பாடியவர், எழுதிய கவிஞர், இசையமைப்பாளர் பெயர்களும் அறிவிக்கப்பட்டன. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவரும் கண்ணதாசன் நடைக்கும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் நடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் ஆற்றல் பெற்றனர். விசுவநாதனும் இராமமூர்த்தியும் 1965-இல் பிரிந்ததும், எந்த இசை யாருடையது என்று வாதிட்டனர். சௌந்தரராசன் குரலா, சீனிவாஸ் குரலா என்ற வழக்கு முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் நடந்தது. பாட்டை நயந்து, காரணம் காட்டி, மறுப்புரை கேட்டுப் பேசும் பழக்கம் இலக்கியத் திறனாய்வின் முதற்படியே அன்றோ! 'நேயர்', 'அறிவிப்பாளர்', 'ஒலிபரப்பு' போன்ற தூய தமிழ்ச் சொற்கள் பொதுமக்கள் நாவில் பழகியதும் வானொலியால்தான்.

மூன்றாவது, ஊர்ப்பெயர். நேயரின் பெயரோடு அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரும் தெருவின் பெயரும் காற்றில் ஏறின. ஒரு மாநிலத்தில் வாழ்ந்த உறவினர் மற்றொரு மாநிலத்து உறவினரின் நலத்தை அவ்வழியே அறிந்தனர். அன்று ஒலித்த தோட்டங்கள் பல இன்று இல்லை. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலம் நகரம் எழுந்து, 1978-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. பிராங் பெசார் தோட்டம் 1990-களில் புத்ராஜெயாவாக மாறத் தொடங்கியது. மரங்கள் சாய்ந்தன, லயன்கள் இடிந்தன, மக்கள் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தனர். தம் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சொல்லி மகிழ்ந்த ஒரு தலைமுறையின் குரல் அந்த அஞ்சலட்டைகளில் இருந்தது.

ஒலிநாடாவின் காலம்

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய கையடக்க ஒலிநாடாப் பேழை, 1970-களிலும் 1980-களிலும் தமிழர் வாழும் நகரங்களையெல்லாம் ஆட்கொண்டது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரமும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையும் இதற்கு விலக்கல்ல.

பிரிக்ஃபீல்ட்ஸ் முன்னாளில் செங்கற் சூளைகள் நிறைந்த இடம். பின்னர் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் பெருகிய இடம். இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் அருகருகே வாழ்ந்தனர். கோயில் இசையும் கருநாடக இசையும் திரையிசையும் ஒரே தெருவில் கேட்ட சூழல் அது. கிள்ளானோ சுற்றுத் தோட்டங்களுக்குச் சந்தை நகரம். சம்பளம் பெற்ற மக்கள் துணியும் பூவும் பலசரக்கும் வாங்க வரும்போது ஐந்தடி நடைபாதையில், மக்கள் வழக்கில் 'அஞ்சடி'யில், ஒலித்த புதுப்பாட்டையும் கேட்டுச் சென்றனர்.

ஒலிநாடா கொணர்ந்த பெருமாற்றம் தேர்வு. 60 நிமிட நாடாவில் ஒரு பக்கத்திற்கு ஏழு வீதம் ஏறத்தாழ 14 பாடல்கள் அடங்கும். நூற்றுக்கணக்கான பாடல்களுள் அப்பதினான்கு எவை, எது முதல், எதன் பின் எது என்று தாளில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கினர். பழைய தொகை நூலாசிரியர் பாக்களைத் தேர்ந்து அடைவு செய்தது போன்றதே இப்பணி. நண்பர்க்கு அளித்த நாடா, அளித்தவரின் உள்ளத்தைக் காட்டும் கடிதமாயிற்று. 1976-இல் 'அன்னக்கிளி'யின் வழி இளையராசா அறிமுகமானதும், பழைய இசை விரும்பிகளுக்கும் புதிய இசை விரும்பிகளுக்கும் இடையே நிகழ்ந்த சொற்போருக்கு இந்நாடாக்களே படைக்கலங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இசைவின்றிப் படியெடுத்த நாடாக்களால் படைத்தவர்க்கு உரிய பயன் சேரவில்லை. மலேசியாவில் 1987-இல் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. பாட்டின்மேல் கொண்ட அன்பு பாடியவரின் உரிமையை மறந்துவிடுமாயின் அவ்வன்பு குறையுடையதே.

கேட்டவர் பாடியவராதல்

திரையிசை வெள்ளத்தில் உள்நாட்டு இசை அமிழ்ந்துபோயிற்று என்று அறிஞர் சிலர் குறைகூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. சென்னையிலிருந்து ஆயத்தமாக வந்த பாடலோடு, குறைந்த வசதியில் இங்கு உருவான மெல்லிசைப் பாடல் போட்டியிட வேண்டியிருந்தது. ரெ. சண்முகம் போன்றோர் வானொலிக் கலைஞராகவும் பாடகராகவும் இசையமைப்பாளராகவும் உழைத்தபோதிலும், அத்தகையோர் படைப்புகளைத் தொகுத்துப் போற்றும் முயற்சி போதிய அளவு நிகழவில்லை.

ஆயினும் கேட்பவர் என்றும் கேட்பவராகவே நின்றுவிடவில்லை. 1944-இல் இந்நாட்டில் பிறந்த வாசுதேவன் இங்குள்ள மேடைகளில் பாடிப் பழகிச் சென்னை சென்றார். 1977-இல் வெளிவந்த 'பதினாறு வயதினிலே' படத்தால் புகழ்பெற்று, 2011-இல் மறையும்வரை 'மலேசியா' என்னும் அடைமொழியோடே வாழ்ந்தார். அடுத்த தலைமுறையில் யோகி பி, 1990-களில் 'பொயட்டிக் அம்மோ' குழுவினரோடு பன்மொழிச் சொல்லிசையில் ஈடுபட்டார். 2006-இல் 'நட்சத்ரா'வோடு 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். 'நிழல்கள்' படத்தில் இளையராசா இசையில் 1980-இல் வந்த பாடலொன்றை அத்தொகுப்பு சொல்லிசையாகப் புதுக்கியது. அதன் காணொளி தமிழகத்திலும் பரவியது. தந்தையர் ஒலிநாடாவில் கேட்ட பாட்டை மைந்தர் தம் குரலில் திருப்பிச் சொன்ன நிகழ்ச்சி இது. பாட்டு அதுகாறும் சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது. இப்போது கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குச் சென்றது.

1996-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சியும், தனியார் வானொலியும், பின்னர் இணையமும் கைப்பேசியும் பாட்டைக் காணும் பொருளாகவும் நொடியில் அனுப்பும் பொருளாகவும் ஆக்கின. வசதி பெருகிற்று. ஆயினும் செவியில் பொருத்திய கருவியோடு தனித்திருந்து கேட்கும் இளைஞர்க்கு, லயன் வரிசை முழுதும் ஒரே பாட்டைக் கேட்ட அனுபவம் வாய்ப்பதில்லை. பாட்டு வந்து சேர்கிறது; கவிஞர் பெயர் வந்து சேர்வதில்லை. 'நன்று' என்னும் குறியீடு வருகிறது. ஏன் நன்று என்னும் விளக்கம் வருவதில்லை.

ஆற்ற வேண்டிய பணி

அரசர் ஆணைகள் கல்வெட்டில் நின்றன. அஞ்சலட்டைகள் அவ்வாறு நிற்பதற்கில்லை. ஒலிநாடாவின் காந்தப் பூச்சு நம் நாட்டின் வெப்பத்தாலும் ஈரத்தாலும் பூஞ்சை படிந்து கெடுகிறது. பாட்டு எழுதிய கையேடுகள் வீடு மாறுகையில் குப்பையோடு செல்கின்றன. நேயர் விருப்பத்துக்கு எழுதிய தலைமுறையோ முதுமை எய்திவிட்டது.

ஆதலின் தமிழாசிரியர்கள் இதனை வகுப்பறைப் பணியாகவே மேற்கொள்ளலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனார் அல்லது பாட்டியாரிடம் நான்கு வினாக்களைக் கேட்டு எழுதட்டும்: எந்தப் பாட்டை விரும்பினீர்கள்? அதை யாருக்காகக் கேட்டீர்கள்? அப்போது எந்தத் தோட்டத்தில் அல்லது தெருவில் வாழ்ந்தீர்கள்? அப்பாட்டு ஏன் உங்களுக்குப் பிடித்தது? முதல் வினாவின் விடை இசை வரலாறு; இரண்டாவது குடும்ப வரலாறு; மூன்றாவது மறைந்துபோன ஊர்களின் வரலாறு; நான்காவது திறனாய்வு. ஒரு பள்ளியில் இவ்வாறு தொகுத்த ஏடு, பெரிய நூலகங்களிலும் கிடைக்காத செல்வமாகும் என்பது வெள்ளிடைமலை.

பாடியவர் பெயரை இசைத்தட்டு காத்தது. எழுதியவர் பெயரைப் பாட்டுப் புத்தகம் காத்தது. கேட்டவர் பெயரைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. அப்பெயர்களை இன்னொரு முறை உரக்கப் படிக்க வேண்டிய அறிவிப்பாளர்கள் இன்றைய மாணவர்களே.