ஒரு பிரெஞ்சுக் கட்டுரையும் இன்சுலினும்

தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவன் நான். இதைப் படிக்கிறவர்களில் பலருக்கும் அது பழகியிருக்கும்.

இன்சுலின் கணையம் அனுப்பும் ஒரு புரதம். தசை, கொழுப்புச் செல்களின் மேலே போய் ஒட்டி, ‘சர்க்கரையை உள்ளே எடு’ என்று சேதி சொல்கிறது. குமாஸ்தா பாஷையில் சொன்னால், பெரும்பாலும் சிறுவயதில் வரும் முதல் வகை நீரிழிவில் கடிதமே வருவதில்லை. நமக்கு வரும் இரண்டாம் வகையில் கடிதம் வருகிறது, கோப்பு நகர்வதில்லை.

1922 ஜனவரியில் டொரான்டோவில் லெனர்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். 11-ஆம் தேதி போட்டது சரிப்படவில்லை. காலிப் என்பவர் சுத்தம் செய்து கொடுத்தது 23-ஆம் தேதி வேலை செய்தது. பையன் பிழைத்தான். அதற்கு முன் பட்டினி போடுவதுதான் வைத்தியம். மறு வருஷமே பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு.

ஆனால் 1921 ஆகஸ்டிலேயே ருமேனியாவின் பவுலெஸ்கு ஒரு பெல்ஜிய சஞ்சிகையில் பிரெஞ்சில் கட்டுரை எழுதியிருந்தார். கணையச் சாற்றை நாயின் கழுத்துச் சிரையில் ஏற்றினார், சர்க்கரை இறங்கியது. பான்டிங்கும் அவருடைய உதவியாளர் பெஸ்டும் தங்கள் முதல் கட்டுரையில் இதைக் குறிப்பிட்டார்கள், ஆனால் தலைகீழாக. அப்படி ஏற்றினால் பலனில்லை என்று பவுலெஸ்கு சொல்வதாக எழுதிவிட்டார்கள்!

1969-ல் பெஸ்ட் ஒரு கடிதத்தில் வருத்தம் தெரிவித்தார். தங்கள் அரைகுறை பிரெஞ்சை நம்பினார்களா, வேறு யாரிடமாவது மொழிபெயர்க்கக் கொடுத்தார்களா என்பது அவருக்கு நினைவில்லை. பவுலெஸ்கு 1931-லேயே இறந்துபோயிருந்தார்.

பவுலெஸ்கு யூதர்களை வெறுத்து எழுதியவர். 2003-ல் பாரிசில் அவருக்கு நடக்கவிருந்த விழா அதனால்தான் நின்றது. நோயாளிக்குக் கொடுக்கும்படியான மருந்தைச் செய்ததும் டொரான்டோக்காரர்களே. ஆனாலும் எழுதியதை எழுதியபடி சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு இது உறைக்கக் காரணம் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்று ஆபீசில் பழைய பத்திரங்களை என்னிடம்தான் கொடுப்பார்கள். ‘பெல்ஃபீய்’ என்ற சொல்லுக்கு மருமகள் என்றும் பொருள், மூத்த தாரத்து மகள் என்றும் பொருள். யோசிக்காமல் மருமகள் என்று எழுதிவிட்டேன். ஒரு அம்மாளின் வீட்டுப் பங்கு இரண்டு வருஷம் முடங்கியது.

அவர் வீட்டுக்கே போய் என் பிழைதான் என்று சொன்னேன். காப்பி கொடுத்தார். அவர் இருக்கும்போதே சொல்ல எனக்கு வாய்த்தது.