சிலோன் டீ சரிந்த கதை

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைச் சுற்றியிருக்கும் டீக்கடைகளில் விடியற்காலையிலேயே பாய்லர் கொதிக்க ஆரம்பித்துவிடும். பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், ராத்திரி முழுக்க வியாபாரம்தான். சாமியார், வெள்ளைக்காரர், ஆட்டோக்காரர் என்று எல்லோர் கையிலும் ஒரே மாதிரி கண்ணாடி டம்ளர். அந்த டீக்கும் இந்தப் பக்கத்து மனிதர்களுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. சிலோனில் தேயிலைத் தோட்டம் போட வெள்ளைக்காரர்கள் ஆள் திரட்டிக்கொண்டு போனார்களே, அவர்கள் போன மாவட்டங்களில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரையோடு வட ஆற்காடும் தென் ஆற்காடும் உண்டு. திருவண்ணாமலை அந்த ஆற்காட்டுச் சீமையைச் சேர்ந்த ஊர்தான்.

அப்படிப் போனவர்கள் உண்டாக்கிய தொழில் ஒரு கட்டத்தில் உலகத்திலேயே முதல் இடத்துக்கு வந்தது. பிறகு இருபதே வருடத்தில் சரிந்தது. ஏன்?

முதலில் கொஞ்சம் பழைய கதை. சிலோன் மலைகளில் முதலில் இருந்தது காப்பி. 1869ல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. அடுத்த பதினைந்து இருபது வருடத்தில் காப்பித் தோட்டங்கள் ஏறக்குறைய அழிந்துபோயின. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867ல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். 1873ல் லண்டனுக்குப் போன முதல் சரக்கு வெறும் 23 பவுண்டு. 1883ல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890ல் தாமஸ் லிப்டன் வந்து தோட்டங்கள் வாங்கினார். அப்புறம் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விளம்பரக் கதை.

அந்த விளம்பரத்தில் வராதது லயன். பத்தடிக்குப் பன்னிரண்டடி மாதிரி ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆஜர் ஆக வேண்டும். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் ஒரு 'பேர்' கிடைக்கும், குறைந்தால் 'அரைப்பேர்'. பேர் என்றால் ஒருநாள் சம்பளம்! மனிதனின் பெயரே கூலிக் கணக்காகிவிட்டது. வீடு தோட்டத்துடையது, கோயில் நிற்கிற இடம் தோட்டத்துடையது, செத்தால் புதைக்கிற இடமும் தோட்டத்துடையது.

1948 பிப்ரவரியில் சிலோன் சுதந்திரம் பெற்றது. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தில் இவர்களில் சுமார் ஏழு லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்து ஓட்டும் போனது. 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை சிலோன் வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். சரக்கைப் பங்கு பிரிக்கிற மாதிரி இருக்கிறது, இல்லையா? அந்த மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அதற்கு அடுத்த வருடம்தான் உச்சம். 1965ல் சிலோன் இந்தியாவைத் தாண்டி உலகத்தின் முதல் தேயிலை ஏற்றுமதி நாடு ஆனது. அந்த வருட உற்பத்தி சுமார் 22.8 கோடி கிலோ. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்து வந்தது. அரிசி மானியம், இலவசப் படிப்பு, இலவச ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இந்தப் பணம்தான் பெரிய ஆதாரம்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பாடம். ஒரு மெஷின் வாங்கினால் வருடா வருடம் தேய்மானம் எழுதுகிறோம், ஒருநாள் புதிது வாங்க வேண்டும் என்பதற்காக. தேயிலைச் செடிக்கும் அப்படித்தான். அது நூறு வருடம் உயிரோடு இருக்கும், ஆனால் விளைச்சல் குறைந்துகொண்டே போகும். கவ்வாத்து வெட்டி, உரம் போட்டு ஓரளவு இழுக்கலாம். கடைசியில் பிடுங்கிவிட்டு நல்ல ரகத்தை நட்டே ஆக வேண்டும். அப்படி நட்டால் சில வருடங்களுக்கு அந்த நிலத்திலிருந்து ஒரு காசு வராது, செலவு மட்டும்தான். அதனால் பத்து, இருபது வருடம் கழித்தும் இந்த மலை நம் கையில் இருக்கும் என்று நம்புகிறவன் மட்டும்தான் மறுநடவு செய்வான். சிலோன் தேயிலையின் சரிவை இந்த ஒரு கேள்வியை வைத்தே படிக்கலாம்: அந்த நம்பிக்கை யாரிடம் இருந்தது?

இங்கிலாந்துக் கம்பெனிகளிடம் இல்லை. 1950களிலிருந்தே தோட்டங்களை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு இருந்தது. அதனால் லாபத்தை லண்டனுக்கு அனுப்பினார்களே தவிர மலையில் போடத் தயங்கினார்கள். போதாக்குறைக்கு 1968ல் வந்த இரட்டை நாணய மாற்று முறை. புதுவகை ஏற்றுமதிகளுக்கு டாலருக்கு அதிக ரூபாய் கிடைத்தது, தேயிலை, ரப்பர், தேங்காய்க்குப் பழைய குறைந்த விகிதம்தான். அதற்கு மேல் ஏற்றுமதி வரி. பால் கொடுக்கிற மாட்டுக்குத் தீவனத்தைக் குறைத்த கதை! அதே சமயத்தில் கென்யா என்ன செய்தது? 1964ல் தேயிலை வளர்ச்சிக்கென்று ஓர் அமைப்பை உண்டாக்கி, சொந்த நிலம் வைத்திருந்த சிறு விவசாயிகளிடம் நல்ல ரக நாற்றுகளைக் கொடுத்துப் பயிர் செய்ய வைத்தது.

1971ல் ஜே.வி.பி. கிளர்ச்சி வந்தது. வேலையில்லாத கிராமத்து இளைஞர்களின் கோபம் அரசை உலுக்கிவிட்டது. 1972ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனிமனிதர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது, வயல் என்றால் 25. 1975ல் கம்பெனித் தோட்டங்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. தேயிலை நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அரசு கைக்கு வந்தது. இதில் ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1840ல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டு, பத்திரம் இல்லாத நிலமெல்லாம் அரசு நிலம் என்று எடுத்துத் தோட்டக்காரர்களுக்கு விற்றது. கண்டிப் பக்கத்துச் சிங்கள விவசாயிகள் அதில் நிறைய இழந்தார்கள். ஆனால் 130 வருடம் கழித்து அந்தக் கணக்கைத் தீர்க்கும்போது, நடுவில் அந்த மலையில் உழைத்தவர்களுக்கு ஒரு வரி கூட எழுதப்படவில்லை.

அரசு எடுத்த தோட்டங்கள் பெரும்பாலும் 'ஜனவசம' என்கிற தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. சில தோட்டங்கள் துண்டு போடப்பட்டன. வேலை செய்தவர்கள் வெளியேற்றப்பட்ட தோட்டங்களும் உண்டு. அனுபவமுள்ள மேனேஜர்கள் போய், அரசியல் சிபாரிசில் ஆட்கள் வந்தார்கள். 1973-74ல் ரேஷன் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. லயனில் இருப்பவனுக்குக் காய்கறி போடக்கூடச் சொந்த நிலம் கிடையாது, சம்பளமும் வேலை நடந்தால்தான். உலகத்தின் பெரிய தேயிலை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றில், அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் பசியில் செத்தார்கள்.

1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தை எடுத்துப் பிரித்துக்கொடுக்க ஏற்பாடானது. தொழிலாளர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். போலீஸ் சுட்டதில் டெவன் தோட்டத்தைச் சேர்ந்த சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்துபோனார். அவர்கள் அன்று கேட்டது சம்பள உயர்வு இல்லை, தேயிலைச் செடியைத் துண்டு போடாதே என்பதுதான்! அந்த மலை தன்னுடையது என்று நினைத்த ஒரே கூட்டம் அதுதான் போல. அதே வருடம் ஆகஸ்டிலும், பிறகு 1981லும் 1983லும் நடந்த கலவரங்கள் தோட்டங்களையும் தாக்கின. லயன்கள் எரிந்தன. பலர் வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து சேர்ந்தார்கள். 1984ல் அந்தக் கப்பலும் நின்றது.

கொழுந்து எடுப்பது ஏதோ இலை பறிக்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டு இலையும் ஒரு குருத்தும், ஏழெட்டு நாளுக்கு ஒரு சுற்று. ஆள் வராமல் சுற்று தள்ளிப்போனால் இலை முற்றிவிடும், ஏலத்தில் விலை போகாது. 1983ல் உற்பத்தி சுமார் 18 கோடி கிலோவுக்கு இறங்கியது. அந்த வருடம் மழையும் பொய்த்தது என்பது உண்மை. ஆனால் பதினெட்டு வருடமாக நடந்த இறக்கத்தை மழை மேல் போட முடியாது.

1992ல் அரசு நஷ்டம் தாங்காமல் சுமார் 450 தோட்டங்களை 22 கம்பெனிகளாகப் பிரித்து நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்தது. பிறகு 53 வருடக் குத்தகை. நிலம் அரசுக்கு, செடி குத்தகைக்காரருக்கு, லயன் பழையபடி தொழிலாளிக்கு. குத்தகைக்காரர் எவ்வளவு மறுநடவு செய்வார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் யாரும் அதிகம் பேசாத ஒன்று நடந்தது. மலைநாட்டில் தோட்டங்கள் தேய்ந்துகொண்டிருக்க, கீழே காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் தேயிலை நட்டார்கள். சொந்த நிலம், குடும்ப உழைப்பு. அந்தக் கறுப்பான தாழ்நாட்டுத் தேயிலையை ஈராக், துருக்கி, ரஷ்யா என்று போட்டி போட்டு வாங்கினார்கள். 2013ல் இலங்கையின் உற்பத்தி 34 கோடி கிலோ, அதுவரை இல்லாத சாதனை. இன்று மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு இவர்களுடையது. ஆக, தேயிலை வராமல் போகவில்லை, தோட்டம் என்ற அமைப்புதான் சரிந்தது. கென்யாவில் ஜெயித்ததும் இதே சூத்திரம்தான். லயனில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் எழுதிக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

2021ல் அடுத்த அடி. கோத்தபய ராஜபக்ச அரசு ஒரே இரவில் என்று சொல்லும் வேகத்தில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. சொன்ன காரணம் இயற்கை விவசாயம், டாலர் தட்டுப்பாடும் ஒரு காரணம். அந்த வருடக் கடைசிக்குள் தடையைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் செடி அதற்குள் வாடிவிட்டது. இந்த முறை சிறு விவசாயியும் தப்பவில்லை. 2022ல் உற்பத்தி சுமார் 25 கோடி கிலோ, கால் நூற்றாண்டில் இல்லாத இறக்கம். அந்தச் சமயத்தில் ஈரானுக்குத் தர வேண்டிய 25 கோடி டாலர் எண்ணெய்க் கடனுக்குப் பணத்துக்குப் பதில் மாதா மாதம் தேயிலை அனுப்புவதாக ஒப்பந்தம் போட்டது இலங்கை. பண்டமாற்று முறை பற்றிப் பாடப்புத்தகத்தில் படிப்போம், 21ஆம் நூற்றாண்டு உதாரணம் இது. நாட்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று தொழிலாளர்கள் பல வருடம் போராடி 2021ல்தான் வாங்கினார்கள். அடுத்த வருடமே ரூபாயின் மதிப்பு பாதியாகிப்போனது.

ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்கள் என்ன ஆனார்கள்? 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். தமிழக அரசு 1968ல் நீலகிரியில் காட்டு நிலத்தில் தேயிலை போட்டு அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுத்தது. 1976 முதல் அது டான்டீ என்கிற அரசுக் கழகம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், பிறகு வால்பாறை. கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது, காரணம் சோவியத் யூனியன். தென்னிந்தியத் தேயிலையை அவர்கள் தரம் பார்க்காமல் வாங்கினார்கள். 1991ல் அந்த நாடே இல்லாமல் போனதும் நீலகிரியில் விலை விழுந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விற்ற சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். டான்டீயும் நஷ்டத்தில் விழுந்தது.

அங்கேயும் வீடு கழகத்துடையது. வேலையில் இருக்கும்வரை இருக்கலாம், ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 2022ல் தமிழக அரசு டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடமே திருப்பிக்கொடுக்க உத்தரவு போட்டது. ஐம்பது வருடத்துக்கு முன் அந்தக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களின் பிள்ளைகள், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பந்தலூரிலும் கூடலூரிலும் திரண்டார்கள்.