ஷோனெஃபெல்டின் ஊர்க்கதையில் எமது பக்கம்



ஒவ்வொரு வருடமும் செப்ரெம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை யேர்மனி முழுவதும் பழைய கட்டடங்களின் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் ஆலை, தண்ணீர்த் தாங்கி, பழைய பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்குள்ளும் சனங்கள் பிள்ளைகுட்டிகளோடு போய்ப் பார்ப்பார்கள். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நின்று கதை சொல்வார். கோப்பியும் கேக்கும் இருக்கும். 1984 இல் பிரான்சில் தொடங்கிய வழக்கம் இது, 1993 இல் யேர்மனி முழுவதற்கும் வந்தது. நான் முடிந்தவரை தவறவிடுவதில்லை. ஒரு ஊர் தன்னைப் பற்றி எதைச் சொல்ல விரும்புகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அன்றைக்கு நன்றாகப் பார்க்கலாம்.

ஷோனெஃபெல்டுக்குச் சொல்ல நிறையவே உண்டு. பேர்லினின் தெற்கு விளிம்பில் வயலும் தேவாலயமுமாக இருந்த கிராமத்துக்கு 1930களில் ஹென்ஷெல் விமானத் தொழிற்சாலை வந்தது. போர்க்காலத்தில் அங்கே கட்டாயத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கினார்கள். 1945 இல் சோவியத் படை வந்தது. பிறகு அதே நிலம் கிழக்கு யேர்மனியின் பிரதான விமானநிலையமானது. 1992 இலிருந்து பெரிய விமானக் கண்காட்சியும் நடக்கிறது. 2003 இல் அயற் கிராமங்களைச் சேர்த்து இன்றைய ஷோனெஃபெல்ட் நகரசபைப் பிரிவை உருவாக்கினார்கள்.

விமானநிலையத்தைப் பெருப்பித்தபோது டீப்பென்சே என்ற ஒரு கிராமமே முழுதாக எழும்பிப் போக வேண்டியிருந்தது. 2000களின் நடுப்பகுதியில் அந்தச் சனங்கள் பக்கத்து நகரத்தில் அதே பெயரோடு புதிதாகக் குடியேறினார்கள். எனக்கு இதைக் கேட்டவுடன் பலாலிதான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றல்ல. இவர்களுக்கு நட்டஈடும் புது வீடும் கிடைத்தன. 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனங்களுக்குப் பல வருடங்கள் முகாம்தான் கிடைத்தது. ஆனாலும் ஓடுபாதைக்காக ஊரை விட்டவரின் மனது எங்களுக்கு விளங்கும்.

இந்த ஊர்க்கதையில் எங்களுடைய பக்கம் எது?

1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஏரோஃப்ளொட்டில் மொஸ்கோ போய், அங்கிருந்து ஷோனெஃபெல்டில் வந்திறங்கிய எம்மவர் பல்லாயிரம் பேர். கிழக்கு யேர்மனி ஒரு இடைப்பயண விசாவைக் கொடுத்து, நகரத்துக்குள் இருக்கும் ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராசே நிலையத்துக்கு அனுப்பிவிடும். அங்கே எல்லையைக் கடந்தால் மேற்கு பேர்லின். மேற்குப் பக்கத்தில் உள்ளே விடமாட்டோம் என்று தடுக்க ஆளில்லை. காரணம் எளிது. அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் மூன்றும் பேர்லினை நான்கு வல்லரசுகளின் பொறுப்பிலுள்ள ஒரே நகரமாகவே கருதின. நடுவில் இருந்த மதிலை அவர்கள் ஒரு நாட்டு எல்லையாக ஒத்துக்கொள்ளவில்லை. எல்லையே இல்லை என்றால் அங்கே விசா பார்ப்பது எப்படி? சனங்கள் வெளியே போகாமல் இருக்கக் கட்டிய மதிலில் எங்களுக்கு உள்ளே வர வழி கிடைத்தது. பத்திரிகைகள் அதைப் ‘பேர்லின் ஓட்டை’ என்று எழுதின.

1984 இன் கடைசியில் நானும் அந்த வழியால் வந்தவன்தான். மெல்லிய சேர்ட்டோடு இறங்கினேன். எங்களோடு வந்த ஒரு அண்ணை, தங்கச்சிக்கென்று கொண்டுவந்த சுவெற்றரைத் தானே போட்டுக்கொண்டு றெயினில் இருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

1985 இல் மட்டும் மேற்கு யேர்மனியில் ஏறத்தாழ 74,000 பேர் தஞ்சம் கோரினார்கள். அவர்களில் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று நாங்கள். பொன் அரசாங்கம் கிழக்கு யேர்மனியோடு பேசியது. 1985 யூலை நடுப்பகுதியிலிருந்து, போகும் நாட்டின் விசா இல்லாத இலங்கைத் தமிழரை இடைப்பயணத்துக்கு ஏற்பதில்லை என்று கிழக்கு யேர்மனி நிறுத்தியது. அதே மாதத்தில்தான் இரு யேர்மனிகளின் வர்த்தகத்தில் வட்டியில்லாக் கடனின் எல்லை 850 மில்லியனாக உயர்ந்தது. எங்கள் றெயின் பயணமும் அந்தக் கடனும் ஒரே பேச்சுவார்த்தையில் இருந்த விடயங்கள். 1986 ஒக்ரோபர் 1 இலிருந்து அந்த வழி எல்லா நாட்டவருக்கும் மூடப்பட்டது.

அதற்குச் சற்று முன்பு, 1986 ஓகஸ்டில், யேர்மனியிலிருந்து கப்பலில் புறப்பட்ட 155 தமிழர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவக் கப்டன் அவர்களை முதலில் கண்டு காப்பாற்றினார். 2016 இல் முப்பதாவது ஆண்டை அங்கே நினைவுகூர்ந்தபோது, காப்பாற்றப்பட்டவர்கள் சிலர் திரும்பிப் போய் அவரைச் சந்தித்தார்கள். அந்தக் கரையோரச் சனங்களுக்கு அது தங்கள் ஊர்ச் சரித்திரம். பக்கத்து வீட்டுக் கதையைப் போல அதைச் சொல்கிறார்கள்.

இங்கே எங்கள் நிலைமை வேறு. ஊர் விழாக்களுக்கு எங்களைக் கூப்பிடுகிறார்கள், இல்லை என்று சொல்லமுடியாது. பிள்ளைகள் பரதநாட்டியம் ஆடுவார்கள், நாங்கள் வடையும் றோல்ஸும் விற்போம். நல்ல விடயம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு விழாவில் அறிவிப்பாளர் எங்களைத் ‘தூர தேசத்து விருந்தாளிகள்’ என்று அறிமுகப்படுத்தினார். அன்று மேடையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் இங்கே பிறந்தவர்கள். எங்கள் கலையைக் காட்ட இடம் கிடைக்கிறது, இந்த மண்ணில் எங்கள் சரித்திரத்தைச் சொல்ல இடம் கிடைப்பதில்லை. அதை நாங்களும் பெரிதாகக் கேட்டதில்லை.

கேட்கலாம் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. நொய்கோல்னில் றிக்ஸ்டோர்ஃப் என்ற பழைய கிராமம். பொஹீமியாவில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி ஓடிவந்த புரட்டஸ்தாந்துச் சனங்களை 1737 இல் பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் அங்கே குடியேற்றினார். அவர்களும் வேறு மொழி பேசிய அகதிகள். இன்றைக்கு அந்தத் தெருக்கள்தான் அந்தப் பகுதியின் பெருமை. 1753 ஆம் ஆண்டுப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1912 இல் பொஹீமியச் சந்ததியினர் நன்றியோடு எழுப்பிய மன்னர் சிலையும் பக்கத்தில் நிற்கிறது. செப்ரெம்பரில் வைக்கோற் கட்டு உருட்டும் போட்டி வைப்பார்கள், அதன் பெயர் ‘பொப்ராட்சி’, செக் மொழியில் ‘வேலைக்குப் பிறகு’ என்று அர்த்தம். உருட்டுகிறவர்களில் துருக்கியரும் அரபுக்காரரும் இருப்பார்கள். அகதிகளின் ஞாபகம் எல்லோருக்கும் சொந்தமான ஊர்த் திருவிழாவாக மாறியிருக்கிறது. இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் எடுத்தது, அது வேறு கதை.

எங்களால் கொஞ்சம் வேகமாகவும் செய்யமுடியும். ஹம் நகரத்தில் 1989 இல் ஒரு நிலக்கீழ் அறையில் தொடங்கிய காமாட்சி அம்பாள் வழிபாடு, 2002 இல் பெருங்கோவிலானது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம் வருகிறது, யேர்மன்காரரும் வருகிறார்கள். ஆனால் கோவில் எங்கள் பக்தியைத்தான் சொல்லும். நாங்கள் எந்தக் கதவால் வந்தோம் என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்லக்கூடிய ஒரு கட்டடம் பேர்லின் நடுவில் இருக்கிறது. ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராசே நிலையத்தின் பழைய புறப்பாட்டு மண்டபம். மேற்குக்குப் போகிறவர்களும் இங்கேயே நிற்கிறவர்களும் அழுது பிரிந்த இடம் என்பதால் சனங்கள் அதைக் ‘கண்ணீர் மாளிகை’ என்பார்கள். 1962 இல் கட்டியது, 2011 முதல் அருங்காட்சியகம், நுழைவு இலவசம். ஒடுக்கமான கடவுச்சீட்டுக் கூண்டுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். சென்ற வருடம் மகளோடு போனேன். அங்கே பிரிந்த யேர்மன் குடும்பங்களைப் பற்றி அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறார்கள். ஆனால் நான் அந்த நிலையத்தால் வந்தவன் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். வீட்டில் சொன்னதில்லை. எங்களில் எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறோம்?

ஷோனெஃபெல்டின் பழைய முனையத்தில் 2021 பெப்ரவரிக்குப் பிறகு பயணிகள் இல்லை. அந்த வழியால் வந்தவர்களில் இளையவர்களே இப்போது அறுபதைத் தொடுகிறார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய இடைப்பயண விசா முத்திரையோடு கடவுச்சீட்டோ, விமானச் சீட்டின் அடிக்கட்டையோ இருந்தால் எறியவேண்டாம். பிரதி எடுத்து வையுங்கள். அம்மா, அப்பா, மாமா, பெரியம்மா யாராக இருந்தாலும் பக்கத்தில் இருத்தி ஒலிப்பதிவு செய்யுங்கள். என்ன மாதம், யார் கூட வந்தது, எந்தக் கூண்டில் நின்றது, மேற்குப் பக்கத்தில் முதலில் வாங்கிச் சாப்பிட்டது என்ன என்று கேளுங்கள். சிறு கேள்விகளுக்குத்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். நாலைந்து பேருடைய கதை சேர்ந்தால், அடுத்த செப்ரெம்பருக்கு முன்பே உள்ளூர் நினைவுச்சின்ன நாளை ஒழுங்கு செய்பவர்களுக்குக் கடிதம் எழுதி, ஒரு மேசையும் அரை மணித்தியாலமும் கேட்கலாம். வடை பிறகு.